கடலடிப் பொடிச் சிப்பிகளும் மணப்பட்டு மீனும்

எங்கள் தெருவில் மீன் விற்க வந்துகொண்டிருந்த அக்காதான் எனக்குப் படகு பிடித்துக் கொடுத்தவர்.

கடலோரத்து மணப்பட்டிலிருந்து எங்கள் கரிக்கலாம்பாக்கத்துக்கு மொபெட்டில் வருவார். பின்னால் அலுமினிய அன்னக்கூடையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுவார். அவர் வந்தால் என் அம்மா முதல் ஆளாகப் போய்க் கூடையில் கையை விடுவாள். என் அம்மாவும் அப்பாவும் நடவு, களை, அறுப்பு என்று வயலில் கிடந்தவர்கள். அந்த வயல்கள் இப்போது மனைகளாகிவிட்டன. அதில் ஒரு மனைப்பிரிவில் அப்பா வாட்ச்மேன். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கிச் சுத்தம் செய்கிறாள். நான் மட்டும் முப்பது தாண்டியும் படித்துக்கொண்டிருந்தேன்.

"உன் பொண்ணு இன்னும் இன்னாதான் படிக்குது?" என்று அக்கா அம்மாவிடம் கேட்பார்.

"கடல பத்தி படிக்குது."

"கடல பத்தி படிக்கறதுக்கு இன்னா இருக்குது? என்னக் கேட்டா நான் சொல்றன்."

அம்மா சிரிப்பாள். நானும் வாசலில் நின்று சிரிப்பேன்.

நான் படித்தது கடலடிச் சேற்றில் வாழும் ஓடு போட்ட நுண்ணுயிர்களைப் பற்றி. மணப்பட்டுக்கு எதிரே கடலடியிலிருந்து சேறு எடுக்க வேண்டும் என்று ஆனபோது எனக்குப் படகு தேவைப்பட்டது. அக்காவிடம் கேட்டேன். "வேற யாரையும் தேடாத. எங்க வூட்டுக்காரரு படகு இருக்குது, அதுல போ. பொம்பளப் புள்ள தெரியாதவங்களோட கடலுக்குப் போவக் கூடாது" என்றார். முதல் நாள் அவரே கரைக்கு வந்து, உப்பு போட்டுக் காயவைத்த நார்த்தங்காயைத் தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். குமட்டினால் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார். நான் அடக்கிக்கொண்டேன். அப்படியும் வாந்தி எடுத்தேன்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். வேடிக்கையாகப் பேசுகிற மனிதர். நான் கொண்டுபோன கருவி இரண்டு இரும்புத் தாடைகள் சேர்ந்த ஒரு கவ்வி. கயிற்றில் கட்டி இறக்கினால் வாயைத் திறந்தபடி போய்த் தரையில் உட்காரும். கயிறு தளர்ந்ததும் வாயைத் திறந்து பிடித்திருந்த கொக்கி விடுபடும். இழுக்கும்போது வாய் மூடி ஒரு வாய் சேற்றோடு மேலே வரும். அதை அவர்தான் இழுப்பார். எனக்குக் கைவலு பத்தாது.

"மீன வுட்டுட்டு சேத்த அள்ளிக்கினு போற ஆள இப்பதான் பாக்கறன்" என்பார். "இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"இதுல உசுரு இருக்குதுண்ணே. மணல் பொடி மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு ஓடு கட்டிக்கும்."

"உன் தூசியா?"

அதற்குப் பிறகு அவருக்கு அது தூசிதான். நான் கரையில் கால் வைத்ததுமே, "இன்னிக்கு எங்க போவணும், உன் தூசி எங்க இருக்குது?" என்று கேட்பார்.

அந்த உயிர்களுக்கு நம் ஊரில் பேர் கிடையாது. புத்தகத்தில் ஃபோராமினிஃபெரா என்று இருக்கும். அம்மாவிடம் பொடிச் சிப்பி என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அது சிப்பி அல்ல. சிப்பிக்குள் இருக்கும் பிராணிக்கு வயிறு உண்டு, வாய் உண்டு. இதற்கு உடம்பே ஒரு செல்தான். அந்த ஒற்றைச் செல் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஓர் அறை கட்டுகிறது. வளர்ந்ததும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய அறை. அப்படி அறை மேல் அறையாகச் சுருண்டுகொண்டே போய், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நத்தை மாதிரி தெரியும். சிலது கோத்த மணி மாதிரி நேராகப் போகும். சிலது பால் நிறத்தில் பீங்கான் மாதிரி வழவழப்பாக இருக்கும். ஓட்டிலுள்ள துளைகள் வழியாக நூலைவிட மெல்லிய கால்களை நீட்டிச் சேற்றில் கிடக்கும் பாசித் துணுக்குகளைப் பிடித்து உண்ணும். இவற்றைப் புழுக்களும் இறால் குஞ்சுகளும் தின்னும். செத்தால் ஓடு மிஞ்சும். நாம் மணல் என்று மிதித்து நடப்பதில் அந்த ஓடுகளும் கிடக்கின்றன.

எது எங்கே வாழும் என்பதில் அவற்றுக்குக் கறாரான கணக்கு உண்டு. தென்பெண்ணை கடலில் கலக்கும் பக்கம் போனால் சேறு கறுப்பாக, வழுவழுவென்று இருக்கும். அங்கே உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும் வகைதான் கூட்டமாக இருக்கும். கொஞ்சம் வடக்கே நகர்ந்து, கரையை விட்டு உள்ளே போனால் தரை மணலாகிவிடும். அங்கே வகைகள் கூடும், பீங்கான் ஓட்டுக்காரர்கள் வருவார்கள். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கினால் எது எங்கே என்கிற இந்த ஏற்பாடே மாறிப்போகும். சேற்றைப் பார்த்து ஓர் இடத்துக் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம் என்பதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

சேறு மேலே வந்ததும் அதன் மேல்தோலை மட்டும் கரண்டியால் வழித்து டப்பாவில் போட்டு, சாயம் கலந்த திரவத்தை ஊற்றி மூடுவேன். உயிரோடு இருந்தவை அந்தச் சாயத்தைக் குடித்து ரோஜா நிறமாகும். வெறும் ஓடாகக் கிடந்தவை வெள்ளையாகவே இருக்கும். உயிரோடு இருந்ததையும் செத்ததையும் அப்படித்தான் பிரித்து எண்ண வேண்டும். ரோஜா நிறத்தில் தெரியும் ஒவ்வொன்றும் என் கரண்டியில் ஏறும்வரை வாழ்ந்துகொண்டிருந்தது என்று ஆரம்பத்தில் ஒருநாள் தோன்றியது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பது இப்போதும் சில சமயம் உறுத்தும்.

மழைக்காலம் முடிந்து எடுத்த சேற்றில் ஒன்றைக் கவனித்தேன். ஆற்று முகத்துப் பக்கம் இரண்டு இடங்களில் எடுத்தவற்றில் கோணல் ஓடுகள் நிறைய இருந்தன. சுருள் பாதியில் திசை மாறியவை, கடைசி அறை மட்டும் வீங்கிப் பெருத்தவை, இரண்டு ஓடுகள் முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்தவை. ஓரிரண்டு கோணல் எங்கேயும் இருக்கும். இது அதைவிட அதிகம். என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சேத்துல உலோகக் கழிவு கலந்தாலும் இப்படிக் கோணும். வெள்ளம் வந்து உப்பு திடீர்னு இறங்கினாலும் கோணும். ரெண்டுல எதுன்னு இப்பச் சொல்ல முடியாது. கோடையில அதே இடத்துல திரும்ப எடும்மா. சேத்தோட ரசாயனச் சோதனையும் வரட்டும்" என்றார்.

சரி சார் என்றேன். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. பின்னால் செய்ததைப் புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தச் சமயத்தில் பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், கடற்கரையைக் காப்பது பற்றி உள்ளூர் இளைஞர்கள் சிலர் கூட்டம் வைத்தார்கள். நம் பக்கத்துப் பெண், கடல் ஆராய்ச்சி செய்கிறவர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அம்மா எனக்காகப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் பேச ஆரம்பித்தபோது மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எல்லோருடைய கண்ணும் அங்கே இருந்தது. செல், சுண்ணாம்பு, சேறு என்று நான் சொல்லச் சொல்லப் பின்வரிசையில் பேச்சுச் சத்தம் கூடியது. அம்மா ஒருத்திதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் கோணல் ஓட்டின் படம் வந்தது. ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக, முறுக்கிய கை மாதிரி. மண்டபம் அமைதியாகிவிட்டது.

நடுவிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். "இது ஏன் இப்படி ஆச்சு? கடல்ல கழிவு கலக்கறதாலயா?"

இன்னும் தெரியவில்லை என்பதுதான் பதில். அதைச் சொன்னால் மறுபடியும் எல்லோரும் பொட்டலத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னேன்: "பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்தச் சின்ன உசுருக்கே இப்படின்னா, நம்ம கடலப் பத்தி நாம யோசிக்கணும்."

கை தட்டினார்கள். அம்மா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

யாரோ போனில் எடுத்திருந்தார்கள். பேச்சு முழுக்க இல்லை. படமும், அந்தக் கேள்வியும், என் பதிலும் மட்டும். அதற்கு மேலே 'மணப்பட்டு கடலில் விஷமா?' என்று சிவப்பில் எழுதி, பின்னணியில் பயமுறுத்தும் இசை வைத்து அனுப்பினார்கள். எனக்கு வருவதற்கு முன்பே அம்மாவின் போனுக்கு, அவளுடைய சுய உதவிக் குழு வாட்ஸ்ஆப்பில் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தலைப்பு கண்ணில் படவில்லை. நான் படத்தில் இருப்பதுதான் பட்டது. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குப் போட்டுக் காட்டினாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். தெருமுனையில் அக்காவின் குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பெண் கேட்பதும் கேட்டது.

"எந்த ஊரு மீனுக்கா?"

அத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"இன்னா புதுசா கேக்கற? எங்க ஊரு மீனுதான்."

"வேணாம்க்கா. இன்னிக்குக் கோழி எடுத்துட்டாங்க."

அடுத்த வீட்டில் காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் பதிலே வரவில்லை. கடைசியில் எங்கள் வாசலில் மொபெட் நின்றது. நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். எழவில்லை.

"கிழங்கா மீனு இருக்குது, நல்லா பெருசு பெருசா. எடுத்துக்கிறியா?" என்றார் அக்கா.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றாள் அம்மா. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை விரதம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அக்கா கூடையை மூடினார். பிறகு, "பாப்பா வூட்ல இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல. யுனிவர்சிட்டிக்குப் போயிருக்குது."

என் செருப்பு வாசற்படியில் கிடந்தது. கடலுக்குப் போகும்போது போடுகிற நீல ரப்பர் செருப்பு. அதன் வாரை ஒருமுறை அண்ணன்தான் வலை நூலால் கட்டிக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு அதைத் தெரியும். ஜன்னல் ஓரமாகப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். கூடை மேல் போட்டிருந்த ஈரச்சாக்கு கொஞ்சமும் இறங்காமல் மேடாகவே இருந்தது.

அவர் போனபிறகு அம்மாவிடம் கத்தினேன். "ஏம்மா வாங்கல? இத்தினி வருஷமா அவங்ககிட்டதான வாங்கற?"

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதான கடலு கெட்டுப்போச்சின்னு அத்தினி பேரு முன்னால சொன்ன. நீ சொல்லிட்டு நான் வாங்குனா தெருவுல இன்னா பேசுவாங்க? பொண்ணு பேச்சப் பெத்தவளே நம்பலன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் என்மேல் உள்ள மரியாதையில்தான் வாங்காமல் விட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மணப்பட்டுக்குப் போனேன். அக்கா வீட்டு முன்னால் வலை விரித்திருந்தது. ஓரமாக விற்காத மீனைக் கீறி உப்புத் தடவிக் காயப்போட்டிருந்தார்கள். கருவாட்டுக்குப் போடும் அளவுக்குச் சின்ன மீன் இல்லை அவை. அக்கா எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க மீனு நல்லாருக்குதா, இல்லியா?"

"தெரியலக்கா. நான் மீனச் சோதிக்கல."

"மீனப் பாக்கவே இல்லியா?"

"இல்லக்கா. சேத்துல இருக்கற உசுரத்தான் பாத்தன். மீன பத்தி நான் ஒரு வார்த்த பேசல."

"நீ பேசலதான். நானும் அத நாலு வாட்டிப் பாத்துட்டன். கேட்டவங்களுக்கு மீனுன்னுதான காதுல வுழுந்துச்சி."

அவர் குரல் உயரவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவர் மட்டுமில்லை, அந்தக் கரையிலிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்குக் கூடை கொண்டுபோகும் பெண்கள் எல்லோருக்கும் அதே கதைதான் என்றார். கரையில் ஏலம் எடுக்க வரும் வியாபாரிகள் எப்போதும்போல எடுத்துப்போகிறார்கள், ஐஸ் பெட்டியில் போகும் மீனை எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. முகத்தைக் காட்டி விற்கிறவர்களிடம்தான் கேட்கிறார்கள் என்றார். நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அது ஆறிப்போனது.

"சோதிச்சிப் பாத்துடலாம்க்கா. நான் ஏற்பாடு பண்றன்" என்றேன்.

"பண்ணு" என்றார்.

மீனைச் சோதிப்பது என் துறை வேலை இல்லை. வழிகாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். வீடியோவை அவரும் பார்த்திருந்தார். "நான் உன்கிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, என் மாதிரிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மீன் எடுக்கக் கரைக்குப் போன காலையில் அக்காவே கூட வந்தார். வலையிலிருந்து இறங்கிய மீனில் பளபளவென்று இருந்ததையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி என் ஐஸ் பெட்டியில் போட்டார்.

"அப்படிப் போடக் கூடாதுக்கா. கைக்கு வர்றத அப்படியே எடுக்கணும். நண்டு, நாக்கு மீனு, தரையில மேயறதும் வேணும்."

"நல்லதாக் குடுத்தாதான நல்ல ரிசல்ட்டு வரும்?" என்றார். நான் விளக்கிய பிறகும், போட்டதைத் திரும்ப எடுக்க அவருக்கு மனசு வரவில்லை; நானே எடுத்துவிட்டுக் கைக்கு வந்ததைப் போட்டேன். பெட்டி மூடும்போது மேலே ஒரு வஞ்சிரத் துண்டை வைத்து, "இது சோதிக்க இல்ல, உனக்கு" என்றார். வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மீனைச் சாப்பிடும்போது இருந்த மனநிலையை எழுத எனக்குத் தெரியவில்லை.

சோதனை முடிவு வரத் தாமதமானது. ஆய்வுக்கூடத்தில் ஏற்கனவே வேறு வேலைகள் வரிசையில் இருந்தன. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் எங்கள் தெருவுக்கு வேறு ஒருவர் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி மீன் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். அது எந்தக் கரை மீன் என்று அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் மணப்பட்டில் ஏலம் எடுத்திருக்கலாம்.

கடைசியில் முடிவு வந்தது. நாங்கள் கொடுத்த மீனில் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அன்றே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிம்மா, சந்தோசம்" என்றார். அந்தச் சந்தோசம் குரலில் இல்லை. நான் ஒரு வீடியோ எடுத்தேன். நான் சொன்னது அவசரத்தில் சொன்னது, மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மீனைச் சோதித்துவிட்டோம் என்று நிதானமாகப் பேசினேன். இசை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன். யாரும் மேற்கொண்டு அனுப்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் அம்மாவிடம், "உங்க பொண்ணு அன்னிக்கி ஒண்ணு சொல்லுது, இன்னிக்கி ஒண்ணு சொல்லுது" என்றாளாம். அம்மா அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி வெளியே பேசுவதை நிறுத்திவிட்டாள். என் பழைய வீடியோ அவள் போனில் இல்லை. எப்போது அழித்தாள் என்று நான் கேட்கவில்லை.

கோடையில் திரும்பவும் சேறு எடுக்க வேண்டியிருந்தது. வேறு படகு பார்க்கலாமா என்று யோசித்தேன். அண்ணன் தானாகவே போன் செய்து, "எப்ப வர?" என்று கேட்டார். போனேன். கவ்வியை இறக்கினார், இழுத்தார், டப்பாவை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முன்பு போலத்தான். தூசி என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. என்னைச் சிரிக்க வைக்கும் எதையும் சொல்லவில்லை. படகில் மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. எனக்கு அன்று வாந்தி வரவில்லை. வந்திருந்தால் அதற்காகவாவது இரண்டு வார்த்தை பேசியிருப்பார்.

அந்தச் சேற்றைக் கழுவிச் சலித்து, காயவைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினேன். ஆற்று முகத்தை ஒட்டிய இடத்தில் கோணல் ஓடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. உப்பு மறுபடி ஏறியிருந்தது, புதிதாகப் பிறந்தவை நேராகச் சுருண்டிருந்தன. ஆக அங்கே நடந்தது வெள்ளத்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மழைக்குப் பிறகு எல்லா ஆற்று முகத்திலும் நடப்பது. ஆனால் இன்னோர் இடத்தில், கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, கோணல் அப்படியே இருந்தது. அங்கே சேற்றில் ஏதோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சேற்றின் ரசாயனச் சோதனை முடிவும் இன்னும் வரவில்லை. இன்னும் எனக்குத் தெரியாது. நடந்தது எல்லாவற்றுக்கும் பிறகு நான் சொன்னது முழுத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. முழுத் தப்பு என்று தெரிந்திருந்தால் தெருவில் நின்று சொல்லியிருப்பேன்.

அக்கா எங்கள் தெருவுக்கு வருவதில்லை. அவரை மறுபடி பார்த்தது மதகடிப்பட்டில். விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது பஸ் மாறுவதற்காக இறங்கினேன். ரோட்டோரம் வரிசையாக மீன் வைத்திருந்த பெண்களில் அவரும் இருந்தார். பிளாஸ்டிக் தாள் விரித்து, சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கூறு கட்டி வைத்திருந்தார். நான் கிட்டே போவதற்குள் பைக்கில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார்.

"எந்த ஊரு மீனும்மா?"

"கடலூரு மீனுங்க. காலையில ஹார்பர்ல எடுத்தது."

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தியவர் என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பைக்கில் வந்தவர் ஒரு கூறு வாங்கிக்கொண்டு போனார்.

"வா. எங்க போய்ட்டு வர்ற?" என்றார். பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"அண்ணன் எடுத்துக்குனு வர்ற மீனுதான இது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வேற எங்கருந்து வரும். ஊரு பேரச் சொன்னா ரெண்டு பேரு யோசிக்கறாங்க. கடலூருன்னா கேக்காம வாங்கிக்கறாங்க."

"தெருவுக்கு வாங்கக்கா. இப்ப எல்லாம் மறந்துட்டாங்க. எங்கம்மாவே கேக்கறாங்க."

"அவங்க மறந்துட்டாங்கதான். எனக்குத்தான் அந்தத் தெருவுல நின்னு கூவ வாய் வரல."

மன்னிச்சிடுங்கக்கா என்று அப்போதுதான் சொன்னேன். இத்தனை மாதத்தில் எத்தனையோ சொல்லியிருந்தேன், இதைச் சொல்லியிருக்கவில்லை. அக்கா மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீ வேணும்னு பண்ணல. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கி வூட்லதான இருந்த?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"வெளிய வந்திருக்கலாம்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு பெண்கள் வந்து சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்களிடம் பேரம் பேச ஆரம்பித்தார். என் பஸ் வந்தது. நான் எழுந்தபோது ஒரு கூறு காரப்பொடியைப் பையில் கட்டி நீட்டினார். நான் கொடுத்த பணத்தை மறுக்காமல் வாங்கி இடுப்பில் செருகினார். முன்பென்றால் வாங்கியிருக்க மாட்டார்.

வீட்டில் அம்மா அதை மண்சட்டியில் புளி கரைத்து வைத்தாள். "எங்க வாங்குன?" என்று கேட்டாள். சொன்னேன். அவர் என்ன சொல்லி விற்கிறார் என்பதையும் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்தாள். பிறகு தட்டு எடுத்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

இந்த மழை முடிந்ததும் அந்த உள்ளே இருக்கும் இடத்தில் மறுபடி சேறு எடுக்க வேண்டும். நேற்று அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். "வா. காலையில காத்து இல்லாதப்பப் போயிட்டு வந்துடலாம்" என்றார். இந்த முறை என்ன கிடைத்தாலும் முதலில் அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கெட்டதாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.